போட்டோவுக்குக் கீழ ஒரு வரி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பாலஸ்தீன-அமெரிக்க இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சயீத் பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீங்க. முதல்ல அதுக்கு நன்றி, ஏன்னா தமிழ்ப் பேப்பர்ல அவரு பேரு வர்றதே அபூர்வம், பாலஸ்தீனத்துல சண்டை பெருசாகும்போது யாராவது மேற்கோளுக்கு ஒரு வரி எடுத்துப் போடுவாங்க, அதோட சரி. நன்றி சொன்ன கையோட குறை சொல்ல ஆரம்பிக்கிறாளேன்னு நினைக்காதீங்க. முப்பது வருஷம் காலேஜ்ல இங்கிலீஷ் நடத்தி ரிட்டையர் ஆனவ நான், பேப்பர் திருத்துற புத்தி இன்னும் போகல.

மொதல்ல பேரு. தலைப்புல சயீத், உள்ள செய்த், பெட்டிச் செய்தியில சையது. ஒரே கட்டுரையில ஒரே ஆளு மூணு பேரா ஆயிட்டாரு. உச்சரிப்புல அப்படி இப்படி ஆகும், அத விடுங்க. ஆனா அந்த மூணாவது இருக்கே, அதுலதான் வினையே, ஏன்னா சையதுன்னு எழுதினவரு அடுத்த வரியிலேயே "இஸ்லாமிய அறிஞர்"னு போட்டுட்டாரு. சார், அவரு கிறிஸ்தவக் குடும்பத்துல பிறந்தவரு, அதுலயும் புராட்டஸ்டண்ட். அவங்க அம்மாவைப் பெத்த தாத்தா நாசரேத்துல பாப்டிஸ்ட் பாதிரியாரா இருந்தவரு. இவரு கொஞ்ச நாள் படிச்சது ஜெருசலேம்ல செயின்ட் ஜார்ஜ்ஸ்னு ஆங்கிலிக்கன் பள்ளிக்கூடம். பெரியவரான அப்புறம் அவருக்குப் பெருசா மத நம்பிக்கை கிடையாது, அது வேற விஷயம். இஸ்லாத்தைப் பத்தி மேற்கத்திய டிவியும் பேப்பரும் எப்படிப் பேசுதுன்னு 1981-ல ஒரு புத்தகம் எழுதினாரு, அதுக்காக அவரை இஸ்லாமிய அறிஞர்னு சொன்னா யானையப் பத்தி எழுதினவரை பாகன்னு சொல்ற மாதிரி இருக்கு.

எங்க பாளையங்கோட்டையில இந்த எட்வர்ட் சயீத்ங்கிற பேரு யாருக்கும் விசித்திரமா படாது. எங்க தெருவுலயே எட்வர்ட் தாத்தா, வில்லியம் சார்னு இருந்தாங்க, அதுக்குப் பின்னாடி ஒரு ஞானமுத்தோ செல்லையாவோ ஒட்டிக்கிட்டிருக்கும். இங்க பள்ளிக்கூடமும் கோயிலும் கட்டின அதே சி.எம்.எஸ்.ங்கிற இங்கிலாந்து கிறிஸ்தவ மிஷன் 1851-லேருந்து பாலஸ்தீனத்துலயும் வேலை செஞ்சது. அவரோட சுயசரிதை, 1999-ல வந்த அவுட் ஆஃப் பிளேஸ், ஆரம்பமே இந்தப் பேரு விவகாரம்தான். 1935-ல இவரு பிறந்தப்போ அம்மா இங்கிலாந்து இளவரசரை நினைச்சு எட்வர்ட்னு வச்சுட்டாங்க, பின்னாடி அரபிப் பேரு, இந்த ரெண்டும் ஒட்டாம அம்பது வருஷம் அவஸ்தைப்பட்டேன்னு எழுதுறாரு. ஆளைப் பொறுத்து எட்வர்டை முழுங்கிட்டு சயீத்தை அழுத்திச் சொல்வாராம், இல்லன்னா இதை அமுக்கிட்டு அதைச் சொல்வாராம். அதைப் படிச்சப்போ நான் சிரிச்சேன், எங்க அண்ணன் மெட்ராஸ்ல வீடு தேடினப்போ செஞ்சதும் அதேதான்.

இதெல்லாம் சின்ன விஷயம். எனக்கு உண்மையிலேயே மனசு கேக்காம போனது "மேற்கத்திய இலக்கியத்தை நிராகரித்த சிந்தனையாளர்"னு கொட்டை எழுத்துல போட்ட அந்த வரி.

நிராகரிச்சவரா? 1963-லேருந்து 2003-ல சாகுற வரைக்கும், நாப்பது வருஷம், நியூயார்க் கொலம்பியா யுனிவர்சிட்டியில உக்காந்து அவரு சொல்லிக்கொடுத்ததே அந்த இலக்கியம்தான். ஹார்வர்ட்ல டாக்டர் பட்டத்துக்கு எடுத்தது ஜோசப் கான்ராட், அதுவே 1966-ல முதல் புத்தகமா வந்துச்சு. ஏன் கான்ராட்? போலந்துக்காரரு, கப்பல்ல ஊரு ஊரா சுத்தினவரு, வளந்த அப்புறம் கத்துக்கிட்ட இங்கிலீஷ்ல எழுதினவரு. ஜெருசலேம்ல பிறந்து, கெய்ரோவுல வளந்து, அமெரிக்காவுல வாத்தியாரா போன ஒருத்தருக்கு அந்த ஆளுகிட்ட என்ன தெரிஞ்சிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

எம்.ஏ. கிளாஸ்ல ஜேன் ஆஸ்டினோட மேன்ஸ்ஃபீல்ட் பார்க் நாவலை நடத்தும்போது எனக்கு வருஷா வருஷம் ஒரே பிரச்சினை. பெரிய பங்களா, நாடகம் போடுறது, கல்யாணப் பேச்சு, பிள்ளைங்க கொட்டாவி விடும். நானும் அந்த பங்களா யாரு காசுல நடக்குதுன்னு ரொம்ப வருஷம் யோசிச்சதே இல்ல. 1993-ல சயீத் எழுதின கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம் எனக்கு ரெண்டாயிரத்துக்கு அப்புறம்தான் கைக்கு வந்துச்சு, அதுல பாத்தா இந்த மனுஷன் அந்த வீட்டுத் தலைவர் ஆன்டிகுவா தீவுக்குப் போயிட்டு வர்றாரே, அங்க என்ன இருக்குன்னு கேக்குறாரு. கரும்புத் தோட்டம், அதுல அடிமைங்க. நாவல்ல அந்தப் பொண்ணு ஃபேனி அடிமை வியாபாரத்தைப் பத்தி மாமாகிட்ட ஒரு கேள்வி கேப்பா, வீடே அமைதியாயிடும், அத்தோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. நான் பத்துத் தடவையாவது நடத்தின நாவல், அந்த அமைதி என் காதுல விழவே இல்ல. அடுத்த வருஷம் கிளாஸ்ல அந்த இடத்தை வாசிச்சுட்டு நான் நிறுத்தினேன். பின் பெஞ்சுல ஒரு பையன், தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்த பாட்டியோட பேரன், "மேடம் அப்போ அந்தத் தோட்டத்து ஆளுங்க கதையில எங்க வருவாங்க?"ன்னு கேட்டான். வரமாட்டாங்கன்னேன்.

ஆனா சயீத் அதுக்காக ஜேன் ஆஸ்டினைத் தூக்கிப் போடுன்னு எங்கயும் சொல்லல. அந்த எழுத்து அவருக்கு ரொம்பப் பிடிக்கும், பிடிக்கிறதாலதான் அவ்ளோ பொறுமையா வாசிக்கிறாரு. பியானோ வாசிக்கிறவரு இல்லையா, ரெண்டு ராகமும் ஒரே நேரத்துல கேக்கணும், பங்களாவும் தோட்டமும், ஒண்ணு இன்னொண்ண அமுக்கக் கூடாதுன்னு சங்கீதத்துலேருந்தே ஒரு வார்த்தை எடுத்து வச்சிருந்தாரு. இவரு பேரைச் சொல்லிக்கிட்டு இங்கிலீஷ் நாவலே படிக்கக் கூடாதுன்னு செமினார்ல முழங்குற சில பேரை நான் பாத்திருக்கேன், அவங்க இவரையும் படிச்சிருக்க மாட்டாங்க. நம்ம ஊரு மார்க்சிஸ்ட் விமர்சகர் ஐஜாஸ் அகமது 1992-லேயே இவரை நல்லா வறுத்தெடுத்திருக்காரு, கிழக்கு நாடுகளை மேற்கு எப்படிப் பாத்துச்சுன்னு சயீத் எழுதின ஓரியண்டலிசம் புத்தகத்துல உள்முரண் இருக்கு, வர்க்கத்தைப் பத்திப் போதுமான அளவு பேசலன்னு. அதுல பாதி சரின்னுதான் எனக்குப் படுது. அப்படிப்பட்ட விமர்சனம் ஒண்ணாவது உங்க கட்டுரையில வந்திருந்தா மாலை போட்ட படம் மாதிரி இல்லாம இருந்திருக்கும்.

அடுத்தது இந்த "எக்ஸைல்"ங்கிற வார்த்தை. நீங்க ஒரு இடத்துல நாடுகடத்தல்னு போட்டிருக்கீங்க, ஒரு இடத்துல புலம்பெயர்வு, ஒரு இடத்துல அகதி வாழ்க்கை. தப்புன்னு சொல்ல மாட்டேன், தமிழ்ல இதுக்கு ஒத்தை வார்த்தை இல்ல. நாடுகடத்தல்னா அரசாங்கம் ஆர்டர் போட்டு அனுப்பணும். புலம்பெயர்னு சொன்னா பட்டினப்பாலை நினைவுக்கு வரும், காவிரிப்பூம்பட்டினத்துல புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறைஞ்சாங்கன்னு பாட்டு, அவங்க யாவாரத்துக்கு வந்தவங்க, சந்தோஷமா இருந்தவங்க. இலங்கைத் தமிழர்கள் எழுதி எழுதித்தான் அந்த வார்த்தைக்குள்ள இன்னைக்கு இருக்கிற வலி ஏறுச்சு. சயீத் இதை ரொம்பக் கறாரா பிரிச்சுப் பாக்குறவரு. 1984-ல ரிஃப்ளெக்‌ஷன்ஸ் ஆன் எக்ஸைல்னு எழுதின கட்டுரையில, துரத்தப்பட்டவன் வேற, அகதி வேற, தானா விரும்பி வெளிநாட்டுல போய் இருக்கிறவன் வேற, குடியேறினவன் வேறன்னு ஒவ்வொண்ணா சொல்றாரு. அகதிங்கிறது இருபதாம் நூற்றாண்டு அரசுகள் உண்டாக்கினது, அதுல தனி ஆளு கிடையாது, கூட்டம் கூட்டமா உதவிக்கு நிக்கிற ஜனங்கதான் ஞாபகத்துக்கு வருவாங்கங்கிறாரு.

அந்தக் கட்டுரையோட முதல் வரியே, இதைப் பத்தி யோசிக்கிறதுக்கு ஒரு கவர்ச்சி இருக்கு, அனுபவிக்கிறதுதான் கொடுமைங்கிற மாதிரி ஆரம்பிக்கும். எழுத்தாளன் ஊரை விட்டுப் போனா நாம உடனே அதை ஒரு கம்பீரமான விஷயமா ஆக்கிடுறோம், ஜாய்ஸ் போனாரு, நபகோவ் போனாரு, அதனாலதான் பெரிய புத்தகம் வந்துச்சுன்னு. அவங்களை ஒரு பக்கம் வச்சுட்டு யாருக்காக ஐ.நா. ஏஜென்சிங்க உண்டாச்சோ அந்த எண்ண முடியாத ஜனங்களை நினைச்சுப் பாருங்கங்கிறாரு. 1948-ல இஸ்ரேல் உருவானப்போ ஏழு லட்சத்துக்கும் மேல பாலஸ்தீனர்கள் ஊரை விட்டு வெளியேற வேண்டி வந்துச்சே, அவங்கள்ல எத்தனை பேரு நாவல் எழுதினாங்க? அதே கட்டுரையிலதான் ஃபைஸ் அகமது ஃபைஸ் வருவாரு, நம்ம உருது கவிஞர். பாகிஸ்தான்ல ஜியாவோட ராணுவ ஆட்சியில இருக்க முடியாம பெய்ரூட் போய் இருந்தாரு. ஒரு நாள் ராத்திரி ஒரு அழுக்கு ஓட்டல்ல ஃபைஸ், அவரு கூட்டாளி இக்பால் அகமது, சயீத் மூணு பேரும் உக்காந்திருக்காங்க, ஃபைஸ் கவிதை சொல்றாரு, மொதல்ல ரெண்டு பேரும் சயீத்துக்காக இங்கிலீஷ்ல மொழிபெயர்த்துச் சொல்லிட்டே வர்றாங்க, ராத்திரி ஏற ஏற மொழிபெயர்க்கிறதை விட்டுட்டாங்க, சயீத்துக்கும் அது தேவைப்படல. உருது ஒரு வார்த்தை தெரியாத மனுஷன். அந்த இடத்தை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு கணக்கு இல்ல.

கட்டுரை முடியிற இடத்துல பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி ஒருத்தர் சொன்னதை எடுத்துப் போடுவாரு. சொந்த ஊரு இனிக்குதுன்னு இருக்கிறவன் இன்னும் பச்சைப்புள்ள, எல்லா ஊரும் சொந்த ஊருன்னு இருக்கிறவன் தேறினவன், எல்லா ஊரும் அந்நிய ஊருன்னு ஆனவன்தான் பக்குவப்பட்டவன்னு. நம்ம ஆளுங்க இதைக் கேட்டதும் மேடையில உடனே யாதும் ஊரேக்குத் தாவிடுவாங்க. சார், யாதும் ஊரே அந்த ரெண்டாவது படியோட நிக்குது, மூணாவது கிட்டத்தட்ட அதுக்குத் தலைகீழ். அதையும் சயீத் அப்படியே முழுங்கல, ஊர் மேல ஆசையே இல்லாதவன் அங்க போய்ச் சேர முடியாது, ஆசைப்பட்டு அதை இழந்து அந்த வலியோட வேலை செஞ்சுதான் போகணும்னு சொல்லிடுறாரு.

அவரும் முகாம்ல இருந்தவரு இல்ல. கெய்ரோவுல அப்பாவுக்குப் பெரிய ஸ்டேஷனரி கம்பெனி, வீட்டுல பியானோ, அப்பா மூலமா அமெரிக்கக் குடியுரிமை, எல்லாம் இருந்துச்சு. 1947 கடைசியில குடும்பம் ஜெருசலேமை விட்டதும் அவங்க போனது அந்த கெய்ரோ வீட்டுக்குத்தான். இதை அவரே மறைக்காம எழுதியிருக்காரு, கெய்ரோவுக்கு வந்து சேந்த அகதிங்களுக்காக அத்தை நபீஹா நாள் பூரா அலைஞ்சதைப் பாத்துத்தான் நடந்தது என்னன்னு தனக்குக் கொஞ்சமாவது புரிஞ்சதுன்னு சொல்றாரு. 1999-ல இவரு அகதியே இல்ல, பொய் சொல்றாருன்னு அமெரிக்கப் பத்திரிகையில ஒருத்தர் எழுதினப்போ ஏதோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடிச்ச மாதிரி ஆடினாங்க, அதே வருஷம் வந்த சுயசரிதையில அந்த வசதியான பால்யம் பக்கம் பக்கமா கிடக்குது.

இப்போ நான் கடிதம் எழுத உக்காந்த காரணத்துக்கு வர்றேன். உங்க கட்டுரையில பேரே வராத ஒரு புத்தகம் இருக்கு, ஆஃப்டர் த லாஸ்ட் ஸ்கை. 1986-ல வந்துச்சு. பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷோட கவிதையில, கடைசி வானமும் முடிஞ்சுட்டா பறவைங்க எங்க பறக்கும்னு கேக்குற வரியிலேருந்து தலைப்பு. தர்வீஷைத் தமிழ்ல படிக்கணும்னா இலங்கையிலேருந்து எம்.ஏ. நுஃமான் செஞ்ச மொழிபெயர்ப்பு இருக்கு, நல்லா இருக்கும். சரி, இந்தப் புத்தகம் எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. 1983-ல ஜெனீவாவுல பாலஸ்தீனப் பிரச்சினைக்காக ஐ.நா. ஒரு பெரிய மாநாடு நடத்துச்சு, சயீத் அதுக்கு ஆலோசகர். மண்டப வாசல்ல பாலஸ்தீன ஜனங்களோட போட்டோ வைக்கலாம்னு சொல்லி, ஜான் மோர்னு சுவிட்சர்லாந்து போட்டோகிராபரை அனுப்ப ஏற்பாடு பண்ணாரு. அவரும் போய் எடுத்துட்டு வந்தாரு, பிரமாதமான படங்க. மாட்டலாம், ஆனா கீழ ஒரு வார்த்தை எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மாநாட்டுல கலந்துக்கிட்ட நாடுங்கள்ல சிலதுக்கு ஆட்சேபணையாம், அதுல அரபு நாடுங்களும் சேத்தி. அவங்களுக்குப் பாலஸ்தீனம் மேடையில பேச வேணும், தன் நாட்டு முகாம்ல இருக்கிற பாலஸ்தீனன் எப்படி இருக்கான்னு எழுதினா ஆகாது. இழுத்துப் பேசி கடைசியில ஒரு சமரசம் ஆச்சு, ஜோர்டான், சிரியா, லெபனான், வெஸ்ட் பேங்க், காசான்னு இடத்தோட பேரு மட்டும் ஒட்டலாம், அதுக்கு மேல ஒரு எழுத்து கூடாது.

அந்தப் படங்களுக்கு அன்னைக்கு எழுத விடாததை எழுதினதுதான் இந்தப் புத்தகம். போட்டோ மோரோடது, எழுத்து சயீத்தோடது. அவரால அப்போ அந்த இடங்களுக்குப் போக முடியாது, தன் ஜனங்களை ஒரு ஐரோப்பியன் எடுத்துக்கிட்டு வந்த படத்துல பாத்துத்தான் எழுதுறாரு, அது உறுத்துதுன்னும் எழுதுறாரு. அவங்க அம்மா கதை ஒண்ணு அதுல வரும், 1932-ல கல்யாணம் ஆனதும் பிரிட்டிஷ் அதிகாரி அவங்க பாலஸ்தீன பாஸ்போர்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு, இனிமே நீ புருஷன் பாஸ்போர்ட்லதான் போகணும்னு சொல்லிட்டாராம். அந்த அம்மாவுக்கு ஆயுசு பூரா அது ஆறல.

ஆனா எனக்குப் பிடிச்ச இடம் வேற. ஒரு வயசான பொம்பள படம் இருக்கு, அம்மான்ல 1984-ல எடுத்தது. சயீத் அதைப் பாத்துட்டு நம்ம வீட்டு வாழ்க்கையோட முகம் இதுதான்னு உருகிப்போறாரு. ஒரு ஆறு மாசம் கழிச்சு, சும்மா பேச்சுவாக்குல படங்களைத் தங்கச்சிகிட்ட காட்டுறாரு. தங்கச்சி பாத்த உடனே பேரைச் சொல்லிட்டாங்க, இது இன்னார் இல்லையான்னு. பாத்தா அது கல்யாண வழியில இவங்களுக்குச் சொந்தக்காரி, இவரு 1946-லேயே நேர்ல பாத்த அம்மா! சொந்தக்காரப் பொம்பளைய அடையாளம் தெரியாம மொத்த பாலஸ்தீனத்துக்கும் சின்னமா ஆக்கி வச்சிருக்காரு மனுஷன். இதை வெளிய சொல்லாம விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. புத்தகத்துலயே எழுதி வச்சாரு. பேரு தெரிஞ்சதும் ஒண்ணு கிடைச்சுது, முன்னாடி இருந்த ஏதோ ஒண்ணு போயிடுச்சுங்கிற மாதிரி குழம்புறாரு.

இதைத்தான் அவரு ஆயுசு பூரா செஞ்சாருன்னு எனக்குத் தோணுது. நாவல்ல யாரு பேசுறா, யாரைப் பேச விடலன்னு பாத்த அதே கண்ணுதான், 1982-ல இஸ்ரேல் செஞ்ச பெய்ரூட் முற்றுகைக்கு அப்புறம் பாலஸ்தீனனுக்குத் தன் கதையச் சொல்ல அனுமதி உண்டான்னு கேட்டு அவரை எழுத வச்சுது. இலக்கியம் ஒரு பெட்டியில, அரசியல் ஒரு பெட்டியில்னு நீங்க பிரிச்சுப் போட்டது அதனாலதான் எனக்கு உறுத்துச்சு. 1988-ல அல்ஜியர்ஸ்ல பாலஸ்தீன சுதந்திரப் பிரகடனம் வந்தப்போ அரபில எழுதினது கவிஞர் தர்வீஷ், இங்கிலீஷ்ல கொண்டுவந்தது இந்த இலக்கிய வாத்தியார். 1977-லேருந்து பாலஸ்தீன தேசிய கவுன்சில்ல இருந்தவரு, 1991-ல விலகினாரு, அந்த வருஷமே ரத்தப் புற்றுநோய்னும் தெரிஞ்சுது. 1993-ல இஸ்ரேலோட ஆஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தாகி உலகமே கை தட்டினப்போ இது பாலஸ்தீனத்தோட வெர்சாய் உடன்படிக்கைன்னு, முதல் உலகப் போர்ல தோத்த ஜெர்மனி மேல சுமத்தினாங்களே அந்த மாதிரின்னு எழுதினாரு, ஒரு கட்டத்துல பாலஸ்தீன விடுதலை இயக்கமான பி.எல்.ஓ.வோட தலைவர் அரஃபாத்தோட ஆளுங்களே இவரு புத்தகத்தை விக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க. அமெரிக்கா பக்கம் பயங்கரவாதப் பேராசிரியர்னு திட்டு, அந்தப் பக்கம் தடை. நீங்க "பி.எல்.ஓ.வின் குரல்"னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க.

உங்க பக்கத்துலயும் ஒரு போட்டோ இருந்துச்சு. இடிஞ்ச சுவத்துக்கு முன்னாடி கறுப்பு முக்காடு போட்ட ஒரு பாட்டி, கையில ஒரு அலுமினியப் பாத்திரம். கீழ "சோகத்தில் மூதாட்டி"ன்னு போட்டிருந்தீங்க. நான் கண்ணாடிய மாத்திப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தேன் சார், அந்த அம்மா முகத்துல எனக்குத் தெரிஞ்சது சோகம் இல்ல, கோவம். யாரையோ பாத்து ஏதோ சொல்லிட்டிருக்காங்க, வாய் பாதி திறந்திருக்கு, போட்டோ எடுத்தவரைப் பாத்துத் திட்டினாங்களோ என்னவோ. ஏஜென்சிக்காரங்க அனுப்புற படத்தோட எந்த ஊரு, எந்த தேதின்னு குறிப்பும் வரும்னு எனக்குத் தெரியும், என் மாணவி ஒருத்தி பேப்பர் ஆபீஸ்லதான் வேலை பாக்குறா. லேஅவுட்ல இடம் பத்தலன்னு வெட்டியிருப்பீங்க.

அடுத்த ஞாயிறு திருத்தம் போடும்போது சையதை சயீத்னு மாத்துங்க, "இஸ்லாமிய அறிஞர்"ங்கிறதை எடுத்துடுங்க. அப்படியே அந்தப் பாட்டி எந்த ஊருன்னு ஃபைல்ல பாத்து போடுங்க. ஜெனீவாவுல ஊர் பேராவது போட விட்டாங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை